மடியில் இருந்த கேக்

14.5.2006, ஞாயிறு

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

தங்கை மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்குக் காலையில் கருவடிக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டைக்குக் கேக் கொண்டுபோனோம். நான் ஸ்கூட்டரை ஓட்ட, என் மனைவி ஸ்டெல்லா பின்னால் உட்கார்ந்து அந்த இரண்டடுக்குக் கேக்கை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். வழியில் டிராபிக் போலீஸ்காரர் நிறுத்தினார். அறுபத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் வந்தேனாம்! எங்களை உரசிக்கொண்டு பறந்த பைக்கின் வேகத்தைத்தான் அவர் கையிலிருந்த மெஷின் காட்டியிருக்க வேண்டும். சொல்லிப் பார்த்தேன்.

"மெஷின் பொய் சொல்லுமாய்யா?" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

அபராதத்தைக் கட்டித் தொலைத்துவிடலாம். ஆனால் கட்டினால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வேகமாக ஓட்டுகிறவன் என்று பேர் வந்துவிட்டால் எந்தத் தாய் பிள்ளையை ஏற்றி அனுப்புவாள்?

விழா வீட்டில் பெட்டியைத் திறந்தபோது ஒரு கிரீம் ரோஜாகூடச் சரியவில்லை. வெட்டுவதற்கு முன் போட்டோவும் எடுத்தார்கள். அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் அறுபத்தெட்டில் வந்திருந்தால் கேக்கா மிஞ்சியிருக்கும்? கோர்ட்டில் இதைத்தான் கேட்கப்போகிறேன். ஆனால் சாட்சிக்கு யார் வருவார்?

இப்போதுதான் ஸ்டெல்லா எழுந்து வந்து, நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நான் வரேன். கல்யாணமான நாள்லேர்ந்து உங்க பின்னாடி உக்காந்துக்கினு, கொஞ்சம் வேகமாப் போங்கன்னு கெஞ்சறவ நான்தானே? அத ஜட்ஜய்யா கிட்ட சொல்ல மாட்டேனா?"

இருபது வருடமாகக் கேட்டுக் கேட்டு எரிச்சல்பட்ட பேச்சு. இன்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.