நெற்றிக்குப் போன கை

இன்று காலை வடசேரி பேருந்து நிலையத்தில் ஒருத்தி முழங்காலில் வலித்தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், உன் போட்டிக்கு முந்தைய வாரங்களில் செய்ததைப் போலவே, தேய்த்துவிடக் கையை நீட்டிவிட்டேன். நீ போய் இத்தனை வருடமாகியும் என் கைக்கு அது தெரியவில்லை.

கல்லூரியில் இருவரும் ஜூடோ ஆடினோம். உன் பெரிய உடம்பைப் பார்த்துத்தான் சுமோ மல்யுத்தத்துக்கு எடுத்தார்கள். இதே பேருந்து நிலையத்தில் "ஏலே, ரோடுரோலர் வருது, வழிவிடு" என்று கத்துவார்கள். "நில்லுல மக்கா, உன் மேலதான் ஏத்தப் போறேன்" என்றபடி நேராக நடப்பாய். அந்த உடம்போடு தைவானில் நடக்கும் பன்னாட்டுப் போட்டிக்கு நீ போவது உறுதியானதும் உன் அண்ணன் சொன்னான்: "பதக்கத்தோட வந்தியன்னா வேலைக்குப் பாப்போம். வெறுங்கையோட வந்தியன்னா தையில கல்யாணம்." உன்னை யாரும் கேட்கவில்லை.

உன் ஊர்க் கடற்கரையில் பழைய வலைக்கயிற்றை வட்டமாகப் போட்டுப் பழகினோம். சுமோவில் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, நடுவர் குரல் கொடுத்ததும் பாய வேண்டும். வட்டத்துக்கு வெளியே கால் பட்டால் தோல்வி. உனக்கோ மண்ணைத் தொட்டாலே வலது கை நெற்றிக்குப் போய்விடும். கடலில் வள்ளம் இறக்குமுன் மண்ணைத் தொட்டுச் சிலுவை போடும் வீட்டில் பிறந்தவள் நீ. பயிற்சி முகாமில் கோச் அதற்காகவே தினமும் திட்டினார். போட்டிக்கு முந்தின நாள் தைவானிலிருந்து போன் செய்தாய்.

"கை சொன்னா கேக்க மாட்டேங்கு ஏட்டி. கெட்டிப் போட்டுரவா?"

"கெட்டிப்போட்டா எப்பிடிட்டி தள்ளுவ? ஒரு நாள் சிலுவை போடலன்னா மாதா பொறுத்துக்கிடுவா."

"மாதா பொறுப்பா. அண்ணன் பொறுப்பானா?"

உன் அணிக்காரி எடுத்த வீடியோவைப் பிறகு பார்த்தேன். முந்தைய ஆட்டங்களில் உன் கை நெற்றிக்குப் போகவே இல்லை. கடைசியில் வெண்கலத்துக்கான ஆட்டம். கையை ஊன்றினாய். நடுவர் குரல் கொடுத்தார். எதிராளி பாய்ந்தபோது உன் வலது கை நெற்றியில் இருந்தது. ஒரே தள்ளு, வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தாய். முடிவு தெரிந்தும் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.

நீ திரும்பி வந்த ஞாயிறு, பிரசங்கத்தில் உன்னைப் புகழ்ந்தார்கள். அந்நிய மண்ணிலும் ஆண்டவரை மறக்காத பிள்ளையாம். முன்வரிசையில் உன் அண்ணன் பெருமையோடு தலையாட்டினான். கோயில் வாசலில் என் கையை இறுகப் பிடித்தாய்.

"பக்தி இல்லட்டி. பயம். தோத்தா கெட்டிக் குடுத்துருவானுவன்னு நெனச்சேன். கை போயிட்டு."

கட்டிக் கொடுத்தார்கள். முதல் பிரசவத்தில் செத்துப்போனாய். அடக்கத்தன்றும் அதே பேச்சுதான்: பக்தியான பிள்ளை, ஆண்டவர் சீக்கிரம் கூப்பிட்டுக்கொண்டார். படிக்கவும் ஆடவும் நினைத்த பெண்ணை நாங்கள் அவசர அவசரமாக அனுப்பிவைத்தோம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

போன வாரம் சுசீந்திரம் போகும் பேருந்தில் உன் அண்ணன் பக்கத்து இருக்கையில் இருந்தான். "தோத்தாலும் அவ சாமிய மறக்கல, பாத்துக்க" என்று ஆரம்பித்தான்.

"அவளுக்கு அப்ப சாமி ஞாபகம் வரல. உங்க மொகந்தான் ஞாபகம் வந்துச்சு" என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எனக்கு மட்டும் என்று நீ சொன்னதை இப்போது கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். கோபப்படாதே. நான் வாயை மூடினால் உன்னைப் பக்தையாக்கிவிட்டு இவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.