டெஸ்டுக்கு முந்தைய பத்து நாள்

4/11 செவ்வாய்
காலையிலிருந்து தூறல். டிப்போவில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மதுரை. இதய ரத்தக் குழாய்ப் படம். காபி கூடாது. மாத்திரை கொடுத்தும் நாடித் துடிப்பு இறங்கவில்லை. "பயப்படாதீங்க சார்" என்றது நர்ஸ் பெண். இன்னும் ஏறியது. மருந்து ஏற்றியதும் அடிவயிறு வரை சூடு. துணி நனைந்துவிட்டதோ என்று வெட்கம். இல்லை.

நெஞ்சுவலி ஒருநாளும் வந்ததில்லை. டிக்கெட் போட்டுக்கொண்டு பின்படியிலிருந்து முன்படி போவதற்குள் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

வாங்க: குடை, துவரம் பருப்பு, எனக்கும் மீனாளுக்கும் சுகர் மாத்திரை.

6/11 வியாழன்
ரிப்போர்ட். மூன்று குழாயிலும் அடைப்பு, நுனி வரை சுண்ணாம்பு. வெள்ளை வெள்ளையாய், எங்கள் வீட்டு போர் தண்ணீர்க் குழாய் மாதிரி. ஸ்டென்ட் வைக்க இடமில்லை. ஆபரேஷனில் ஒட்டுப்போடவும் நல்ல பகுதி இல்லையாம். மாத்திரைதான். எத்தனை நாள் என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடினார்.

மீனாள் விடவில்லை. பதிமூன்று வருட லேப் சீட்டுகளையும் மேஜையில் பரப்பினாள். "பாருங்க டாக்டர். எங்க வீட்டுக்காரகளுக்கு ஒரு தடவையாச்சும் சுகர் கூடியிருக்கா? வேற யாரு படத்தையோ மாத்திக் குடுத்துட்டாக."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

7/11 வெள்ளி
டூட்டி இல்லை. எழுதிவிடுகிறேன். டெஸ்டுக்குப் பத்து நாள் முன்னால் சோறு நிறுத்தம், கேப்பைக் கூழ், காலை நடை. ரத்தம் கொடுத்த கையோடு செக்காலைக் கடையில் வெல்லம் போட்ட கந்தரப்பம் நாலு. பிறகு அடுத்த டெஸ்ட் வரை ராஜபோகம். மூன்று மாதச் சராசரி காட்டும் டெஸ்டை டாக்டர் எழுதினால், "அடுத்த தடவை பாக்கலாம் சார்" என்று நழுவிவிடுவேன். டிப்போவில் பாதிப் பேர் இப்படித்தான். டாக்டரை ஏமாற்றியதாய் நினைப்பு. மடையன்.

பயமாக இருக்கிறது.

9/11 ஞாயிறு
வெயில். மீனாள் அரியக்குடி கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். வேறு டாக்டரைப் பார்க்கணும் என்று மறுபடி ஆரம்பித்தாள். பொறுக்காமல் எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று இருந்தேன்.

"கூழு கிண்டிக் குடுத்ததே நான்தானே. அப்ப சீட்டுல நல்லா வந்தது பொய்யா?"

"பொய் இல்ல. அந்தப் பத்து நாளுக்கு மட்டும் நெசம்."

துணி மடித்துக்கொண்டே இருந்தாள். "உங்களப் பாத்துத்தான் நானும் ஆறு வருசமா அப்படியே செய்யிறேன். இன்னைக்குப் பிரகாரம் சுத்தயில மூச்சு முட்டுச்சு. வாய்வுன்னு இருந்தேன்."

அவளுக்கு டெஸ்ட் பதினெட்டாம் தேதி. நேற்றிலிருந்து சோறு நிறுத்தியிருக்கிறாள்.