லான் மூடிய பக்கம்

12 ஒக்டோபர், ஞாயிறு
தூறல். துணி காயவில்லை. வாங்க: கீரை, பால், இவருடைய மாத்திரை.

பின்னேரம் மேல்மாடி லானிடம். வழக்கமாக அவள் தன் ஊர்ப் பழைய வியட்நாமியக் காவியத்தை உரக்கப் படிப்பாள். நான் ஆங்கில மொழிபெயர்ப்பில் விரலை ஓட்டித் தமிழில் பொருள் எழுதிக்கொள்வேன். இன்று வாசிப்பு இல்லை. வியாழக்கிழமை இருதய வால்வு ஒப்பரேஷனுக்குப் போகமாட்டாளாம். அவள் ஊரில் பெரிய காரியத்துக்கு முன் கண்ணை மூடிக் காவியத்தைத் திறப்பார்கள். விரல் படும் இரண்டு அடிதான் பலன். அவளுக்கு வந்தது, கதைப் பெண் எல்லாம் முற்பிறப்பு வினை என்று தலைகுனியும் இடம்.

செய்யாவிட்டால் இன்னொரு குளிர்காலம் சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விடமாட்டேன்.

13, திங்கள்
வெயில், சூடில்லாத வெயில். உதாரணத்தோடு மேலே போனேன். பழவினை போன தவணைப் பரீட்சை மார்க்ஸ் மாதிரி. இந்தத் தவணைத் தாள் இன்னும் வெள்ளை. இன்று மனம் எண்ணுவதும் வினைதான் என்றல்லவா புத்தர் சொன்னார்? லான் பொறுமையாகக் கேட்டுத் தேநீர் ஊற்றினாள்.

"படிக்காத பிள்ளைக்கு வெள்ளைத் தாள்தான் கூடுதல் பயம், டீச்சர்."

இன்னொரு தரம் திறந்து பார் என்றேன். இரண்டு தரம் கேட்பது காவியத்துக்கு மரியாதை இல்லையாம்.

சாப்பாட்டு மேசையில் இவர்: "என்ரை பைபாசுக்கு முதல் நீரும் தேவாரப் புத்தகத்துக்கை கயிறு போட்டுப் பலன் பாத்தனீர்தானே?"

"ஓம். அதுக்கென்ன?"

"நல்ல பதிகம் வருமட்டும் திருப்பித் திருப்பிப் போட்டனீர். அந்த மனுசியாவது ஒருக்காத்தான் பாத்தது."

கோபம் வந்தது. கவனித்துப் பார்த்தேன். கோபமில்லை, பிடிபட்ட வெட்கம்.

14, செவ்வாய்
குப்பைத் தொட்டி வெளியே வைத்தாயிற்று. முழங்கால் வலி. மேலே போகவில்லை.

என் குறிப்புகளைப் புரட்டினேன். அந்தப் பாட்டின் அமைப்பு: ஆறு அசை, பிறகு எட்டு அசை. எட்டின் கடைசி ஓசையை அடுத்த ஆறு பிடித்துக்கொள்ளும். ஏறக்குறைய நம் அந்தாதி. அப்படியானால் இரண்டு அடியோடு எப்படி நிற்பது?

15, புதன்
காற்று. ஒப்பரேஷன் பேச்சை எடுக்கக் கூடாது என்று படியிலேயே தீர்மானம். லான், அந்த இரண்டு அடியை ஒருமுறை படி, ஓசை கேட்க வேண்டும் என்றேன். முறைத்தாள். படித்தாள். நிறுத்தினாள். காது அந்தரத்தில் நின்றது, அவளுக்கும்தான். வாய் தானாக அடுத்த அடிக்குப் போயிற்று, அதற்கடுத்ததற்கும். பக்கம் திரும்பியது. தலைகுனிந்த பெண் அழுகிறாள், முகம் கழுவுகிறாள், ஓடம் ஏறுகிறாள்.

லான் கண்ணாடியைக் கழற்றினாள்.

"பயந்த இடத்தில் நான்தான் மூடினேன். பாட்டு அங்கே நிற்கவில்லை."

போகிறேன் என்று சொல்லவில்லை. கேட்காமல் இறங்கி வர நான் பட்ட பாடு.

16, வியாழன்
விடியுமுன் கதவில் தட்டல். லான், கையில் பை. இவர் கார்ச் சாவியை எடுத்தார்.

வார்டில் புத்தகத்தை என்னிடம் தந்தாள். ஓடம் ஏறிய பக்கத்தில் ரிப்பன். மிச்சம் இரண்டு பேரும் சேர்ந்துதான், அதுவரை திறக்கக் கூடாது என்று கட்டளை. "உன்னை எனக்குத் தெரியும், டீச்சர்." சிரித்தாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இவர் கோப்பி வாங்கும் வரிசையில். ஒப்பரேஷன் அறைக் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு. கண்ணை மூடினால் போதும், விரல் பக்கம் தேடிவிடும். மூச்சு உள்ளே. மூச்சு வெளியே. இது பயம், வேறொன்றுமில்லை.

புத்தகத்தின் மேல் இந்த நாட்குறிப்பை வைத்துத்தான் எழுதுகிறேன். எழுதிக்கொண்டிருக்கும்வரை அது திறக்காது.