வெந்நீர்த் தொட்டிச் சுவரில் நான் வைத்த இரண்டு கற்கள்

அனுப்புநர்:
காலஞ்சென்ற பாலப் பொறியாளரின் மனைவி, வயது 76,
எண் 9, மாடி வீடு, நூலகத் தெரு.

பெறுநர்:
உயர்திரு மாவட்டச் சுற்றுலா அலுவலர் அவர்கள்.

பொருள்: ஏரிக்கரை முகாம் காவலரின் பணிநீக்கத்தை ரத்து செய்யக் கோருதல்.

பார்வை: முகாமின் புகார்ப் புத்தகம், பக்கம் 31, என் கையெழுத்தில் உள்ள புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் ஒரு திருத்தம். சென்ற திங்கட்கிழமை தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். பிரிவு எழுத்தர் மரியாதையாக நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். பிறகு பக்கத்து மேசைக்காரரிடம், "பாவம், அந்தக் காவலாளிக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கறாங்க. வயசான மனசு, இளகிடுச்சு" என்றார். என் காது நன்றாகவே கேட்கிறது. நான் இரக்கப்பட்டு வரவில்லை. யாருடைய பழியையும் சுமக்கவில்லை. இது என்னுடையது.

2. சென்ற மாதம் என் மகள், மருமகனுடன் மலை மேல் உள்ள ஏரிக்கரை முகாமில் மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்கினேன். கரையை ஒட்டி வெந்நீர் ஊற்றும், அதைச் சுற்றிக் கல் அடுக்கிய தொட்டியும் இருப்பது தாங்கள் அறிந்ததே. நான் எதையும் ஒழுங்காக வைத்துப் பழகியவள். கான்வென்ட்டில் தொடங்கிய பழக்கம். வாசலில் செருப்புகளைக்கூட வரிசையாக வைத்தேன். "அத்தையை விட்டா கூடாரத்துக்கே இஸ்திரி போட்டுடுவாங்க" என்று மருமகன் கேலி செய்தார். எல்லோரும் சிரித்தோம்.

3. மூன்றாம் நாள் காலை ஐந்தே முக்கால் மணிக்கு நான் தனியாக ஊற்றுப் பக்கம் நடந்தேன். ஏரியைப் பார்த்த சுவரில் இரண்டு கற்கள் இல்லாமல் ஓர் இடைவெளி இருந்தது. கற்கள் கீழே ஏரித் தண்ணீரில் கிடந்தன. எவ்வளவு அலட்சியம் என்று நினைத்து, இரண்டையும் தூக்கி அதனதன் இடத்தில் பொருத்தினேன். சுவர் நேரானது. திருப்தியாக இருந்தது என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

4. அந்த இடைவெளி வழியாகத்தான் ஏரியின் குளிர்ந்த நீர் உள்ளே வருகிறது என்பது எனக்குத் தெரியாது. காவலர் தினமும் விடியலில் முழங்கையை நீரில் வைத்துப் பார்த்து, எத்தனை கல் எடுப்பதென்று முடிவு செய்வாராம். அன்று இரண்டு எடுத்துவிட்டு, மறுகோடிக் கூடாரங்களின் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறார். ஏழு மணிக்குத் தொட்டியில் இறங்கிய என் மகளுக்குக் கணுக்கால்வரை வெந்துபோனது. பத்து நாள் தரையில் கால் ஊன்றவில்லை.

5. அன்றே புகார்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் நிறைய எழுதினேன். 'பொறுப்பற்றவர்' என்ற சொல்லுக்கு அடிக்கோடும் இட்டேன். அதன் பேரில் விசாரணை நடந்து, பதினெட்டு ஆண்டு வேலை பார்த்தவர் வேலையையும் முகாமில் குடியிருந்த அறையையும் இழந்தார். புகார்தாரர் என்ற முறையில் அவருடைய விளக்கக் கடிதத்தின் நகல் எனக்குத் தபாலில் வந்தது. "நான் எடுத்து வைத்த கற்கள் திரும்பவும் சுவரில் இருந்தன. வைத்தது யார் என்று சொல்ல இயலாது" என்று அதில் எழுதியிருந்தார். தாங்கள் அதை நம்பவில்லை. படித்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது.

6. புரிந்த பிறகும் பதினொரு நாள் தங்களுக்கு எழுதவில்லை. மகளிடம் மட்டும் சொன்னேன். "என் காலே ஆறிடுச்சும்மா, நீ ஏன் இன்னும் கிளறிக்கிட்டு இருக்கே?" என்றாள் மகள். அந்தப் பதினொரு நாளும் என் தவறு.

7. பிறகு காவலரைத் தேடிப் போனேன். தமக்கை வீட்டு முன்னறையில், கட்டப்பட்ட பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நான் வாய் திறக்குமுன், "தெரியும்மா" என்றார். "அன்னிக்கு உங்க ஸ்வெட்டர் ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. மக கால் வெந்து அழுதுக்கிட்டு இருக்கறப்போ, பெத்தவகிட்டப் போய் அதை எப்படிச் சொல்றது?" விசாரணையிலும் அவர் சொல்லவில்லை. பொறுப்பற்றவர் என்று நான் அடிக்கோடிட்டது இவரை.

8. ஆகவே, அவரைப் பழைய பணியிலும் பழைய அறையிலும் அமர்த்த வேண்டுகிறேன். புகார்ப் புத்தகத்தின் 31ஆம் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். அதன் கீழே இந்த மனுவை ஒட்டி வையுங்கள், படிப்பவர்கள் இரண்டையும் படிக்கட்டும். சுவரருகே 'கற்களைத் தொடாதீர்கள், காவலரைக் கேளுங்கள்' என்று ஒரு பலகையும் தேவை. என்னைப் போன்றவர்கள் இன்னும் வருவார்கள். யார் மீதாவது நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டுமென்றால் என் மீது எடுங்கள், எந்த நாளிலும் வருகிறேன்.

நாற்காலியும் தண்ணீரும் போதும் ஐயா. இந்த மனுவுக்கு எழுத்து மூலமான பதிலைத் தர வேண்டுகிறேன்.

இடம்: நூலகத் தெரு
நாள்: 14ஆம் தேதி, வியாழன்

(கையொப்பம்)
31ஆம் பக்கத்தில் உள்ள அதே கையொப்பம்.