நீ அவளிடம் சொன்னது

ஆர்கன்சா,
செப்டம்பர் 1935

அன்புள்ள ஆர்டீலியா,

இங்கே நலம். மெம்பிஸில் நீயும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். பருத்தி வெடிக்கத் தொடங்கிவிட்டது. உன்னை நான் தேடவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுத வரவில்லை.

அங்கே குத்தகைக்காரர் சங்கக் கூட்டத்தில் நீ பேசியதை நம் சர்ச் டீக்கன் ரூஃபஸ் வந்து சொன்னார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்களாம். பருத்திக் காட்டிலேயே நம் பிள்ளை செத்துப் பிறந்ததை நீ சொன்னபோது, உன்கூட வந்த வெள்ளைக்காரி ஹெஸ்டர் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். "ஒம் பொண்டாட்டி கூட்டத்தையே அழ வச்சுட்டாப்பா" என்று என் முதுகில் தட்டினார்.

இத்தனை வருடத்தில் அந்தப் பிள்ளையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருப்பாயா? பேச்செடுத்தாலே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாய். நேற்றுப் பழகியவளுக்கு அது எப்படிக் கிடைத்தது? வயிறு எரிகிறது. வேறொருவனோடு நீ ஓடியிருந்தால் துப்பாக்கியை எடுத்திருப்பேன். இதற்கு எதை எடுப்பது?

ஹெஸ்டரின் புருஷன் கிளெமுக்கும் இதே நோய்தான். "வீட்ல வாயே தொறக்கமாட்டா. ஒம் பொண்டாட்டிகிட்ட மட்டும் அப்படி என்னத்தய்யா பேசுறா?" என்றான் வேலியோரம் நின்று. "ஒம் பொண்டாட்டி இல்ல, மிசஸ் பிக்கெட்னு சொல்லு" என்றேன். முறைத்தான். எந்த வெள்ளைக்காரன் நம் பெண்களை அப்படிக் கூப்பிடுவான்? ஆனாலும் பிறகு அப்படியே சொன்னான்.

செவ்வாய்க்கிழமை பண்ணைக் கண்காணி வந்து, சங்கத்துக்காரிக்கு இங்கே வீடு கிடையாது என்று நம் கட்டிலைத் தூக்கித் தெருவில் போட்டான். நான் கைகட்டி நின்றேன். வாய் திறந்திருந்தால் என்னை மரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். கிளெம் வந்து கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து, "பிடிய்யா அந்தப் பக்கம்" என்றான். "கறுப்பன் கட்டிலத் தூக்குறியே, வெக்கமா இல்ல?" என்றான் கண்காணி. "அப்ப எங் கட்டிலயும் தெருவுல போடு. எங்க ரெண்டு பேர் காட்டுப் பருத்தியையும் நீயே குனிஞ்சு பொறுக்கு" என்றான் கிளெம். கண்காணி போய்விட்டான். திரும்பி வருவான், தெரியும். அதுவரை கட்டில் உள்ளேதான் கிடக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஓடி வராதே. பேச வேண்டியதை எல்லாம் பேசி முடித்துவிட்டு வா.

கூட்டத்தில் "என் பிள்ளை" என்று மட்டும் சொன்னாயாம். அன்று நீ நினைவில்லாமல் கிடந்தாய். நான்தான் தனியாகப் புதைத்தேன். பையனா பெண்ணா என்று நீ கேட்டதே இல்லை. ஹெஸ்டருக்கு அது தெரியாது. எனக்குத்தான் தெரியும். ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்ததும் என்னிடம் ஒருமுறை கேள்.

உன்,
லான்சோ