வழுக்கிடுச்சு

எனக்குப் பின் பிறந்து எனக்கு முன் பேசும் தங்கைக்கு,

இறையருள் உன்னைச் சூழ்ந்திருக்க. உன் வலக்கை மாவுக்கட்டுக்குக் காரணம் கேட்டபோது, "குளியலறையில வழுக்கிடுச்சுக்கா" என்று தொலைபேசியில் சொன்னாய்.

வாழ்நாளெல்லாம் செய்யுளுக்கு உரை சொல்லி வந்தவள் நான். ஆயினும் அச்சொல்லுக்கு நம் வீட்டில் வழங்கும் பொருளை எந்த அகராதியிலும் கண்டதில்லை. அம்மாவின் உதடு கிழிந்த அன்றும் வழுக்கியது. அத்தைக்கு ஒரு காது கேளாமற்போன அன்றும் வழுக்கியது. அடித்த கைகளைச் சொல்ல நம் குடும்பத்துக்கு ஒரு சொல்லும் வாய்க்கவில்லை. பழியையெல்லாம் தரையே சுமந்தது.

இன்று காலை உன் கணவர் வந்திருந்தார்.

"வீட்டை விட்டுப் போறேங்கிறா. பெரியவங்க நீங்க, பொறுமையைப் பத்தி நாலு பாட்டுச் சொல்லி அவளுக்குப் புத்தி சொல்லுங்க."

"பாட்டு நிறைய இருக்கு மாப்பிள்ளை. அத்தனையும் கை ஓங்குறவனுக்குச் சொன்னது. உக்காருங்க, முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்" என்றேன். கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்!

இதை, துணி கொடுக்க உன் வீட்டுக்கு வரும் தையற்கார அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவருடனேயே கிளம்பிவிடு. முன்னறையை உனக்காக ஒழித்து வைத்திருக்கிறேன். உன் குறட்டைக்கு அஞ்சி, காதில் வைக்கப் பஞ்சும் வாங்கியாயிற்று.

வா, கண்ணே. என் வீட்டுத் தரை சொரசொரப்பானது. இங்கே யாருக்கும் வழுக்காது.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்து நிற்கும்,
அக்கா