காதில் வில்லை குத்திய காத்தாடி

பாய்,

இன்று காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. தங்கள் காளைக்கான மூன்று வருஷக் காப்பீடு இந்த மாதக் கடைசியில் முடிகிறது, உடனே புதுப்பித்துக்கொள்ளவும் என்று. உங்கள் நம்பர் அணைந்து ரொம்ப நாளாகிவிட்டது. படிவத்தில் இரண்டாவது நம்பராக என்னுடையதை எழுதியிருந்தேன், அதனால் எனக்கு வந்தது. அனுப்பிய கம்ப்யூட்டருக்கு நீங்கள் போய்ச் சேர்ந்தது தெரியாது. அந்தக் காளை துணியில் தைத்தது என்பதும் தெரியாது.

வாயில் நுரையோடு நின்றபடியே ஒன்றைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அன்றைக்குக் கடற்கரையில் அந்த வலைக் குவியலின்மேல் வண்டியை ஏற்றியது காற்று இல்லை. நான்தான். ஐம்பத்திரண்டு வயதில், தொண்ணூறு கிலோ உடம்போடு, லிஸ்டில் பெயர் இல்லாமல், ஹெல்மெட் இல்லாமல், ஒரு கருவாட்டுக்கார அம்மாவிடம் பந்தா காட்டுவதற்காக ஏறினேன். இறங்கும்போது என் வேட்டி வண்டியில் இருந்தது, நான் வலைக்குள் இருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த பகுதிகளையும் சேர்த்துத்தான் சொல்வேன். சுருக்கிப் பேசுகிற பழக்கம் எனக்கு எப்போது இருந்தது?

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் தங்கம் கொண்டுவந்தார்கள், கம்பளி கொண்டுவந்தார்கள். நீங்கள் ஒரு பெட்டி நிறைய மடித்த காத்தாடி கொண்டுவந்தீர்கள். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் உங்கள் ஹார்டுவேர் கடை திறந்த வாரத்தில் அதைப் பற்றி மூன்று விதமாகப் பேச்சு. பாராசூட் என்றார்கள், கல்யாணப் பந்தல் என்றார்கள், விமானத்திலிருந்து கழற்றியது என்றார்கள். மூன்றாவதை ஆரம்பித்து வைத்தவன் நான். அப்போது நமக்குள் அவ்வளவு பழக்கம் இல்லை. நான் மாட்டு இன்சூரன்ஸ் ஏஜெண்டு. நைனார்பாளையம் தொடங்கிக் கச்சிராயபாளையம் வரைக்கும் மாடுகளைக் காதைப் பார்த்தே யார் வீட்டு மாடு என்று சொல்லிவிடுவேன். மனிதர்களில்தான் குழம்புவேன்.

பிறகு வெல்டிங் பட்டறையில் மூன்று சக்கர வண்டி ஒன்று அடித்தீர்கள். சிமெண்டு தள்ளும் வண்டியின் டயர்கள், தரையோடு தரையாக ஒரு இருக்கை, கால் வைத்துத் திருப்புகிற முன்சக்கரம். எஞ்சின் கிடையாது. காத்தாடி மேலே நின்று இழுக்கும், நான்கு கயிறுகளைப் பிடித்துக்கொண்டு கீழே ஆள் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். பங்குனி சித்திரையில் கோமுகி அணை வற்றி வெடித்த தரையில் நீங்கள் ஓட்டிப் பழகினீர்கள். ஆடு மேய்ப்பவர்கள் ஆடுகளை மறந்துவிட்டுப் பார்த்தார்கள். நான் வேலையை மறந்துவிட்டுப் பார்த்தேன், அது எனக்குச் சுலபம்.

ஆனால் அங்கே இருபது அடிக்கு மேல் ஒழுங்காக ஓட முடியவில்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற காற்று ஒரு பக்கம் தள்ளும், சட்டென்று மறுபக்கம் இழுக்கும். உடம்பெல்லாம் புழுதியோடு எழுந்து வந்து ஒருநாள் சொன்னீர்கள்: “மலக்காத்துக்கு ஒழுங்கு கெடையாது ஏஜெண்டு. கடக்காத்து ஆபீசுக்குப் போறவன் மாரி. பன்னெண்டு மணிக்கு வரும், வேலயப் பாக்கும், சாயங்காலம் வூட்டுக்குப் போவும்.”

கடற்கரையில் ஒருமுறை, முறையாக, அனுமதியோடு ஓட்ட வேண்டும். அதுதான் உங்கள் ஆசை. எதற்கு முறையாக என்று நான் கேட்டதற்கு ஒரே ஒருமுறைதான் பதில் சொன்னீர்கள். வளைகுடாவில் கடலோரத்தில் காத்தாடி வண்டிக் கழகம் ஒன்றில் ஆறு வருஷம் வண்டி துடைத்திருக்கிறீர்கள். வாசலில் விதிகள் எழுதிய பலகை. அதைத் துடைப்பதும் உங்கள் வேலை, அதனால் முழுக்க மனப்பாடம். பதினான்காவது விதி, ஊழியர்கள் வண்டியில் ஏறக்கூடாது. வெள்ளைக்காரர்கள் ஓட்டிவிட்டுப் போன பிறகு சக்கரத்து மணலைத் தட்டியிருக்கிறீர்கள், ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஊருக்குக் கிளம்புகிற சமயத்தில் கிழிந்தது என்று கழித்த காத்தாடியைக் கேட்டு வாங்கித் தைத்துக்கொண்டீர்கள்.

ஆகவே நம் கழகம் தொடங்கியபோது விதிகளைத் தமிழில் நீங்களே எழுதினீர்கள். உறுப்பினர் ஐந்து பேர். நீங்கள் தலைவர், நான் செயலாளர், மற்ற மூவர் உங்கள் கடையில் வாடிக்கையாகச் சாமான் வாங்குகிறவர்கள், மறுக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள். முதல் விதி எனக்கு இன்னும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. ‘வண்டியைத் துடைப்பவரும் ஓட்டலாம்.’ அதற்குப் பிறகு இருபத்தெட்டு. நடப்பவருக்கே முதல் உரிமை. எதிரே ஐம்பது மீட்டர் ஆளில்லாமல் இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் சிவப்புத் துணி, ஒருவர் விசிலோடு நிற்க வேண்டும். காத்தாடியைத் தரையில் படுக்கவைப்பவர் அதன்மேல் மண் போட வேண்டும், அது கிளம்பினால் மண் போட்டவரே பொறுப்பு. காப்பீடு இல்லாதவர் கயிற்றைத் தொடக்கூடாது.

காப்பீடு என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபீசுக்குப் போனால் அதிகாரி அரை நாள் யோசித்தார். எஞ்சின் இல்லை, ஆகவே மோட்டார் இல்லை. தண்ணீரில் போகவில்லை, ஆகவே படகு இல்லை. கடைசியில், “முன்னாடி எதுனா இழுக்குதா இல்லியா?” என்று கேட்டார். இழுக்கிறது என்றேன். மாட்டு வண்டி என்று எழுதிக்கொண்டார். வண்டி மூன்றாம் நபர் யாருக்காவது சேதம் செய்தால் அதற்கும் ஈடு உண்டு, அவிழ்த்துக்கொண்டு ஓடினாலும் உண்டு, ஓட்டுகிறவர் லிஸ்டில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் மட்டும் கிடையாது. லிஸ்டில் உங்கள் பெயர் ஒன்றுதான். எல்லாம் சரி, காளையின் காது வில்லை எண் இல்லாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்தது. நான் பையிலிருந்து மஞ்சள் வில்லை ஒன்றை எடுத்து, இடுக்கியால் காத்தாடியின் இடது ஓரத்தில் குத்திவிட்டேன். நீங்கள் சிரிக்கவே இல்லை. குத்திய இடத்தில் கிழியாமல் இருக்கச் சுற்றிலும் நூல் போட்டுத் தைத்தீர்கள்.

அந்தக் காகிதத்தையும் விதிகளையும் எடுத்துக்கொண்டு கடலூர்ப் பக்கத்து மீனவர் ஊர் ஒன்றுக்கு மூன்று தடவை போனோம். அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரான நாட்டார், வெற்றிலை போட்ட வாயோடு, இருபத்தொன்பது விதிகளையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு வில்லையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுக்குக் கம்மல் வேறயா?” என்றார். அனுமதி கொடுத்தார். ஒரே நிபந்தனை. “வல மேல ஏறுச்சின்னா அதோட செரி பாய். மறுபடி இந்தப் பக்கம் வரக்கூடாது.”

அந்த நாள் வந்தது. வாடகைக்குச் சாமான் ஏற்றுகிற செல்வத்தின் குட்டியானை லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி வழியாகப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. மணல் இஸ்திரி போட்டது மாதிரி கிடந்தது. சிவப்புத் துணி நட்டோம். காத்தாடியை விரித்து மண் போட்டீர்கள். காற்று லேசாகத் தொடங்கியது. அப்போது மதிய லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. தொழுதுவிட்டு வந்தால் காற்றும் நன்றாக ஏறியிருக்கும் என்று கணக்குப் போட்டு, செல்வத்தோடு பள்ளிவாசலுக்குக் கிளம்பினீர்கள். போகும்போது சொன்னது: “கயித்துல கை வெக்காத. நீ லிஸ்டுல இல்ல.”

பத்து நிமிஷம் நல்லவனாக நின்றேன். பக்கத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அம்மா, இது என்ன வண்டி என்று கேட்டாள். நான் கழகத்தின் செயலாளர் என்று சொன்னேன். கேட்டது வண்டியைப் பற்றி, சொன்னது என்னைப் பற்றி.

“நீ ஓட்டுவியா?”

“ஓட்டாமலா?”

“எங்க, குந்து பாப்போம்.”

குந்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கைப்பிடிகள் மடிக்குப் பக்கத்திலேயே கிடந்தன. சும்மா ஒரு இழு. மண் சரிந்தது, காத்தாடி எழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை. காற்று கடலிலிருந்து ஊர்ப் பக்கம் அடித்தது. ஊர்ப் பக்கம் என்ன இருக்கும்? படகு, வலை. இருபத்தொன்பது விதிகளில் ஒன்றுகூட அந்த நேரத்துக்கு ஞாபகம் வரவில்லை. அம்மாவே என்று கத்தினேன், அதுவும் கருவாட்டுக்கார அம்மாவைத்தான். அவள் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டாள். வலையிலிருந்து என்னைப் பிரித்தெடுத்தவளும் அவள்தான். வலை இரண்டு ஆள் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினேன். “எனுக்கு இன்னா வந்துச்சி? என் வல இல்ல,” என்றாள்.

நீங்கள் தலைத்தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டே வந்தீர்கள். நான் வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டு நின்றேன். தானாகக் கிளம்பிவிட்டது பாய் என்றேன்.

“மண்ணு போட்டிருந்தேனே?”

“கம்மியா இருந்துச்சி பாய்.”

இவ்வளவுதான் நான் சொன்னது. நீங்கள் காத்தாடி கிடந்த இடத்துக்குப் போய், சரிந்திருந்த மண்ணைக் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு நேராக நாட்டாரிடம் போய், தப்பு என்னுடையது, மண் போட்டது நான் என்று சொன்னீர்கள். காப்பீட்டில் வலைக்கு ஈடு கேட்கலாமா என்று திரும்பி வரும்போது கேட்டீர்கள். கேட்டால் விசாரிக்க ஆள் வருவான், அவன் கருவாட்டுக்கார அம்மாவையும் விசாரிப்பான். அவிழ்த்துக்கொண்டு ஓடிய மாட்டுக்குப் பாலிசியில் இடமில்லை என்று சொன்னேன். அது இரண்டாவது பொய், தொழில் சுத்தமாகச் சொன்ன பொய். அடுத்த வாரம் கடையிலிருந்து நைலான் நூல் கண்டுகளை எடுத்துப்போய், மீனவர்களோடு உட்கார்ந்து வலையை நீங்களே கோத்துக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். நாட்டார் டீ வாங்கிக் கொடுத்தாராம். அனுமதியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கழகத்தைக் கூட்டினீர்கள். இருபத்தாறாவது விதிப்படி, பொறுப்பானவர் ஒரு வருஷம் ஓட்டக்கூடாது. உங்களை நீங்களே நீக்கினீர்கள். மற்ற மூவரும் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்காக எழுந்தும் நின்றேன். எழுந்து நின்றவன், ஆதரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கடைக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையில் வண்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டிச் சாவியைச் செயலாளரான என் கையில் கொடுத்தீர்கள். “ஒரு வருசம் இன்னா, ஓடிப்பூடும்,” என்றீர்கள்.

ஓடியது. முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது, ஒருவருக்குத் தாழ்ப்பாள் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்த நீங்கள் அப்படியே சாய்ந்தீர்கள். வந்தவர் தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார். அடக்கத்தின்போது நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாக அழுதேன். நட்பு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அந்தச் சாவி இன்னும் என் கொத்தில்தான் இருக்கிறது. என் பைக் சாவியைத் தேடும்போதெல்லாம் முதலில் அதுதான் கையில் வரும்.

காலையில் செய்தி வந்ததும் அந்தச் சாவியோடு உங்கள் கடைக்குப் போனேன். கொட்டகையைக் காலிசெய்ய வேண்டும் என்று உங்கள் மகன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வண்டியைச் செல்வத்தின் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்குக் கிளம்பினோம். வழியில், கோர்ட்டில் சொல்வது மாதிரி, எல்லாவற்றையும் செல்வத்திடம் சொன்னேன். ஏறியதை, மண் கம்மி என்றதை, ஆதரிக்கிறேன் என்றதை. உயிரோடு இருந்தவரைக்கும் அந்த மனிதரைக் கடற்கரையில் ஓட்டவிடாமல் செய்தவன் நான் என்றேன்.

செல்வம் வண்டியை ஓரங்கட்டினான். என்னைப் பார்த்து, “இன்னா சார் நீங்க,” என்றான். “பாய் அந்த வருசம் பூரா புதங்கெழமைக்குப் புதங்கெழம என் வண்டியில தான் போய்க்கினு இருந்தாரு. வேற ஊரு கடக்கர. யாரையும் கேக்கல. ஹெல்மெட்டும் கெடையாது, சேப்புத் துணியும் கெடையாது. சின்னப் பையன் மாரி கத்திக்கினே ஓட்டுவாரு.”

சாவி என்னிடம் இருந்ததே என்றேன்.

“பூட்டு விக்கிறவரு சார் அவுரு.”

புதன்கிழமை. அந்த வருஷம் முழுக்க, முழங்கால் வலிக்குப் புதன்கிழமை மட்டும் உட்காருகிற விழுப்புரம் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் நீங்கள் கிளம்புவீர்கள். செய்த பாவத்துக்கு இதுவாவது செய்வோம் என்று அந்த நாட்களிலெல்லாம் உங்கள் கடையில் உட்கார்ந்து ஆணி நிறுத்துக் கொடுத்தவன் நான்தான், பாய்.